நித்தியகல்யாணியும் பத்துமணிப்பூவும்: இரு வறட்சிப் பூச்செடிகளின் வரலாறு

தண்ணீர் அரிதான ஊர்களிலும் கோடை முழுக்கப் பூத்துக்கொண்டிருக்கும் செடிகள் சில உண்டு. தமிழ்நாட்டு வீட்டு வாசல்களிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் அவற்றுள் அதிகம் தென்படுபவை நித்தியகல்யாணியும் பத்துமணிப்பூவும். ஊர்ப் பெயர்களோடு ஊர்ச் செடிகளாகவே அறியப்பட்டாலும் இரண்டுமே கடல் கடந்து வந்தவை. நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போய் அங்கிருந்து உலகெங்கும் பரவியது. பத்துமணிப்பூ தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா, உருகுவே, தெற்குப் பிரேசில் பகுதிகளைச் சேர்ந்தது. அதன் தோட்ட வாழ்க்கை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. இரண்டும் அழகுச் செடிகளாகவே புறப்பட்டன. ஆனால் ஒன்று ஆய்வுக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் மானாவாரி நிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மற்றது பெரும்பாலும் தொட்டியிலேயே நின்றுவிட்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம், வறண்ட நிலத்தில் பிழைத்திருக்க இரண்டும் கைக்கொண்ட வெவ்வேறு வழிகள்.

மடகாஸ்கரிலிருந்து செல்சி வரை

நித்தியகல்யாணி சேர்ந்த பேரினத்தில் எட்டு இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏழு மடகாஸ்கரில் மட்டும் தோன்றியவை. எட்டாவது, சின்னஞ்சிறு வெள்ளைப் பூப்பூக்கும் ஒரு களைச்செடி. இந்தியாவிலும் இலங்கையிலும் வயல்களில் வளர்வது. ஆக, நித்தியகல்யாணி வருவதற்கு வெகுகாலம் முன்பே அதன் உறவுச்செடி ஒன்று இந்த மண்ணில் இருந்தது. எனினும் வாசலில் இடம் பிடித்தது பெரிய பூப்பூக்கும் அயல்நாட்டுச் செடிதான்.

மடகாஸ்கர் மக்கள் இதன் மருத்துவ குணத்தை முன்பே அறிந்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அத்தீவின் தெற்கில் இருந்த பிரெஞ்சுக் குடியிருப்பின் ஆளுநர் எத்தியென் தெ ஃப்ளாக்கூர். 1658இல் அவர் வெளியிட்ட மடகாஸ்கர் பற்றிய நூலில், மல்லிகை போன்ற பூவும் கசப்பான வேரும் கொண்ட ஒரு செடி இடம்பெற்றிருக்கிறது. வெள்ளை, இளஞ்சிவப்பு என இரண்டு நிறங்களில் அது பூக்கும் என்றும், வேரை அந்நாட்டார் மருந்தாகக் கொள்வார்கள் என்றும் அதில் குறிப்பு உண்டு. செடியைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பிலேயே கசப்பும் மருந்தும் சேர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது.

அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்து விதைகள் பாரிஸ் அரசத் தோட்டத்தை அடைந்தன. அங்கிருந்து லண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. அத்தோட்டத்தை நெடுங்காலம் நிர்வகித்த ஃபிலிப் மில்லர் செடியை வளர்த்து, 1750களின் இறுதியில் படத்துடன் வெளியிட்டார். 1759இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் வைத்திருந்த பேரினத்திலிருந்து பிரித்து, இன்று வழங்கும் பெயரின் கீழ் 1837இல் கொண்டுவந்தவர் ஜார்ஜ் டான்.

ஐரோப்பாவின் குளிருக்கு இது கண்ணாடி மனைச் செடி. வெப்ப நாடுகளுக்கு வந்ததும் வேலியைத் தாண்டிவிட்டது. காய் வெடித்து விதைகள் கீழே விழும். அடுத்த மழையில் அங்கேயே முளைக்கும். ஆடு மாடுகள் வாய் வைப்பதில்லை. கடற்கரை மணல், ரயில் பாதை ஓரம், இடிந்த சுவர் என எங்கும் வேர் பிடிக்கும். இதனால்தான் யாரும் தண்ணீர் ஊற்றாத இடுகாடுகளிலும் இது பசுமையாக நின்றது. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்ற மங்கலப் பெயரோடு சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் இதற்கு உண்டு. கேரளத்திலும் பிணத்தோடும் இடுகாட்டோடும் தொடர்புடைய பெயர்கள் வழக்கில் இருக்கின்றன. சில வீடுகளில் பூசைக்குப் பறிக்கும் பூவைச் சில வீடுகளில் வாசலில் வைக்கவும் தயங்குவது இந்த இரட்டை வாழ்க்கையால் வந்தது.

ஜமைக்காவிலிருந்து வந்த உறை

செடி பரவிய நாடுகளில் எல்லாம் அதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் பரவியது. ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய இடங்களில் நாட்டு மருந்தாகப் பயன்பட்டது. 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் இந்த இலைகள் சிலவற்றை உறையிலிட்டு, கனடாவிலிருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். கிளார்க் நோபிள் மாணவராக இருந்தபோது இன்சுலின் கண்டுபிடிப்புக் குழுவோடு நெருங்கிய தொடர்பில் இருந்தவர். 1921 கோடையில் அக்குழுவின் பேண்டிங்குக்கு முதலில் உதவுவது யார் என்று நாணயம் சுண்டியபோது அந்த வாய்ப்பு மற்றொரு மாணவரான சார்லஸ் பெஸ்டுக்குப் போனது. நீரிழிவு மருந்து என்ற பெயரோடு ஓர் இலை அவரைத் தேடி வந்ததற்கு இந்தப் பழைய தொடர்பே காரணம்.

அவர் அதைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட், ஒன்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளர். இலைச்சாறு வாய்வழி கொடுக்கப்பட்ட எலிகளின் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் தொற்று நோயால் இறந்தன. ஆராய்ந்ததில் அவற்றின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன; எலும்பு மஜ்ஜை செயலற்றுக்கொண்டிருந்தது. நீரிழிவு மருந்தாக இது தோல்வி. ஆனால் வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இதே விளைவு மருந்தாகலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1954இல் வேதியியலாளர் சார்லஸ் பியர் குழுவில் சேர்ந்து, அந்த விளைவை உண்டாக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். வின்பிளாஸ்டின் என்று இன்று அறியப்படும் அதன் விவரம் 1958இல் வெளியானது.

அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடாவின் குழு, நாட்டு மருத்துவத்தில் பேசப்பட்ட செடிகளை வரிசையாகச் சோதித்துக்கொண்டிருந்தது. இச்செடியின் சாறு கொடுக்கப்பட்ட, இரத்தப் புற்றுள்ள சுண்டெலிகளின் ஆயுள் நீண்டது. அக்குழு இன்னொரு பொருளையும் பிரித்தது. அதுதான் வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் இவ்விரு மருந்துகளும் தடுக்கின்றன. வேகமாகப் பிரியும் புற்றுச் செல்கள் அந்நிலையிலேயே சிக்கி மடிகின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குத் தரப்படும் கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டினும், ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுக்குரியவற்றில் வின்பிளாஸ்டினும் முக்கிய இடம் பிடித்தன.

உயிர்ப்பன்மைய வளங்களின் பயனில் அவற்றின் தாய்நாட்டுக்கும் பங்கு வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 1992இல்தான் ரியோவில் கையெழுத்தானது. அதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய இந்த மருந்துகளால் மடகாஸ்கருக்குக் கிடைத்த வருவாய் அற்பம். தாவர வளமும் அதன் லாபமும் பற்றிய விவாதங்களில் இன்றும் நித்தியகல்யாணி முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

தமிழ்நாட்டு மானாவாரியில்

மருந்துக்கு வழி பிறந்ததும் மூலப்பொருளின் தேவை மலையளவு ஆனது. ஆல்கலாய்டு வகையைச் சேர்ந்த இந்த மருந்துப் பொருள்கள் இலையில் இருப்பது மிகமிகக் குறைவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவை. வின்கிரிஸ்டினுக்கு அதைப்போல் பல மடங்கு. வேரிலிருந்து அஜ்மலிசின் என்ற மற்றோர் ஆல்கலாய்டு கிடைக்கிறது. இரத்த ஓட்டச் சீர்கேடுகளுக்கான மருந்துகளில் அது சேர்கிறது. இந்த இலைக்கும் வேருக்கும் இந்தியா முக்கிய விளைநிலமானது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மழையை நம்பிய நிலங்களில் இது பயிராயிற்று. நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் இல்லாத இடத்தில் வரும் பயிர், ஆடு மேயாத பயிர், வேலி தேவைப்படாத பயிர் என்பவை விவசாயிகளை ஈர்த்த குணங்கள்.

சாகுபடி முறை எளியது. விதைத்து ஆறாம் மாதத்தில் முதல் முறையும் ஒன்பதாம் மாதத்தில் இரண்டாம் முறையும் இலைகளை உருவுவார்கள். ஓராண்டு நிறைந்ததும், தரையிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டுத் தண்டுகளை அறுத்துவிடுவார்கள். பிறகு நிலத்தில் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, ஈரம் பதமானதும் உழுது வேர்களை வெளியே எடுப்பார்கள். ஆண்டு முழுக்கத் தண்ணீர் கேட்காத பயிருக்கு வேர் பறிக்கும் நாளில்தான் நிறையத் தண்ணீர் வேண்டியிருக்கிறது; காய்ந்த மண்ணில் ஆழமாக இறங்கிய ஆணிவேர் அறுபடாமல் வராது. வேரைக் கழுவி நிழலில் உலர்த்திக் கட்டுவார்கள். பாசனத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 1.5 டன் உலர்ந்த வேரும், மானாவாரியில் அதில் பாதியும் கிடைக்கும் என்பது வேளாண் வழிகாட்டிகள் தரும் கணக்கு. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் நுனிக்கருகல் நோயைத் தாங்கும் ‘நிர்மல்’ என்ற வெள்ளைப்பூ ரகத்தையும் வெளியிட்டது.

பூந்தோட்டக்காரர்களும் இதை விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பார்க்கர், மடகாஸ்கரின் மற்ற இனங்களோடு கலப்புச் செய்து பெரிய பூக்களும் புதிய நிறங்களும் கொண்ட ரகங்களை உருவாக்கினார். 1991இல் அவை அமெரிக்காவில் விருது பெற்றன. இன்று நர்சரிகளில் கிடைக்கும் அடர்சிவப்பு, ஊதா, சிவப்புக் கண் வைத்த வெள்ளை ஆகியவை இத்தகைய கலப்பு முயற்சிகளின் தொடர்ச்சி. மருந்துச் சாகுபடிக்கும் வாசலுக்கும் பழைய வெள்ளை, இளஞ்சிவப்பு வகைகளே போதுமானவையாக இருந்தன.

மெண்டோசாவின் மணல்வெளி

பத்துமணிப்பூவின் எழுத்து வரலாறு ஜான் கில்லிஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. கடற்படையில் பணியாற்றிய இவர், உடல்நலம் தேடி 1820களில் அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரில் தங்கினார். ஆண்டிஸ் மலையடிவாரத்தில் உள்ள அப்பகுதி மழை குறைந்த மணற்பாங்கான நிலம். அங்கே சில வெளிகளில் தரையே தெரியாத அளவுக்கு ஊதாநிறப் பூக்கள் படர்ந்து கிடந்ததையும், இடையிடையே செம்மஞ்சள் நிறத் திட்டுகள் தெரிந்ததையும் அவர் பதிவு செய்தார். கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்குச் செடிகளை அனுப்பினார். ஹூக்கர் 1829இல் ‘கர்ட்டிஸ் பொட்டானிக்கல் மேகசின்’ இதழில் படத்துடன் விவரித்துப் பெயர் சூட்டினார். இதற்குக் கீரை உறவு ஒன்று உண்டு. தமிழ்நாட்டுச் சமையலில் பழகிய பருப்புக்கீரையும் இதுவும் ஒரே பேரினம்.

பரவிய வேகத்தில் பத்துமணிப்பூ நித்தியகல்யாணியை மிஞ்சியது. காட்டுச் செடியிலேயே இரண்டு நிறங்கள் இருந்ததால் விதைக் கடைக்காரர்களுக்கு வேலை எளிதாயிற்று. சில பத்தாண்டுகளுக்குள் மஞ்சள், வெள்ளை, சிவப்பு, கோடிட்டவை வந்தன. 19ஆம் நூற்றாண்டிலேயே ரோஜாவைப்போல் இதழ் அடுக்குள்ளவையும் வந்தன. மற்றப் பூக்களின் சிவப்புக்கும் ஊதாவுக்கும் காரணமான ஆந்தோசயனின் இதில் கிடையாது. பீட்ரூட்டுக்கு நிறம் தரும் பீட்டாலெயின் வகை நிறமிகளே இதில் உள்ளன. ஊதா நிறமியும் மஞ்சள் நிறமியும் தனித்தனியாகவும் வெவ்வேறு அளவில் கலந்தும் அமைவதால் நிறங்கள் பெருகின. இந்தக் குணத்தால் நிறமி ஆய்வுக்கும் இச்செடி பயன்பட்டது. தாவரங்களில் பீட்டாலெயின் உருவாக அடிப்படையான மரபணுவை சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் 2004இல் பத்துமணிப்பூவிலிருந்துதான் முதலில் அடையாளம் கண்டார்கள்.

இந்தியாவில் இது கடையைவிடக் கைமாற்றாகவே அதிகம் பரவியது. விரல் நீளத் தண்டைக் கிள்ளி ஈர மணலில் செருகினால் வேர் விட்டுவிடும். பக்கத்து வீட்டுக்குப் போன பெண்கள் நாலு நிறத்தில் நாலு துண்டு வாங்கி வந்து, உடைந்த குடத்திலும் கொட்டாங்குச்சியிலும் வளர்த்ததுதான் தமிழ்நாட்டில் இதன் பெரும்பகுதி வரலாறு. நர்சரிகளில் இதற்கு டேபிள் ரோஸ் என்று பெயர். இதே பெயரில் தட்டையான அகன்ற இலை கொண்ட செடியும் விற்கப்படுகிறது. அது அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த வேறோர் இனத்திலிருந்து வந்தது. ஊசிபோல் உருண்ட இலையும், இலை இடுக்கில் வெள்ளை மயிர்க்கொத்தும் இருந்தால்தான் அது கில்லிஸ் கண்ட செடி.

வறட்சியைத் தாங்கும் இரு வழிகள்

நித்தியகல்யாணியின் முதல் பலம் ஆணிவேர். மேல்மண் காய்ந்தபின்னும் அது கீழிருந்து ஈரம் எடுக்கும். இலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. கடும் வெயிலில் இலைகள் துவண்டு, மாலையில் நிமிரும். அடுத்த பலம் கசப்பு. பச்சை அரிதான வறண்ட நிலத்தில் ஓர் இலையை இழப்பதுகூட செடிக்குப் பெரிய நட்டம். அதைத் தடுக்க இச்செடி கசப்பான ஆல்கலாய்டுகளை நூற்றுக்கும் மேல் உருவாக்குகிறது. வின்பிளாஸ்டின் என்பது கேதரந்தின், வின்டோலின் என்ற இரண்டு பொருள்கள் இணைந்து உண்டாவது. கேதரந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில் தங்குகிறது. வின்டோலின் இலைக்குள் உள்ள செல்களில் இருக்கிறது. நலமான இலையில் இரண்டும் சந்திப்பது அரிது. மருந்து ஏன் இத்தனை அரிதாகக் கிடைக்கிறது என்பதற்கு இந்தப் பிரிவினை ஒரு முக்கிய காரணம். 2022இல் டென்மார்க், அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்விரு பொருள்களையும் ஈஸ்ட் செல்களில் உருவாக்கிப் பின் இணைத்துக் காட்டினார்கள்.

பத்துமணிப்பூ கசப்பை நம்பவில்லை, சேமிப்பை நம்புகிறது. அதன் இலையும் தண்டும் நீர் நிறைந்தவை. மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றில் உள்ள, குறைந்த நீரில் அதிக உணவு தயாரிக்கும் ஒளிச்சேர்க்கை முறை இதிலும் உண்டு. வறட்சி முற்றும்போது கள்ளி வகைகளின் முறைக்கும் ஓரளவு மாறிக்கொள்கிறது: பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைக்கிறது. இவ்விரு முறைகளும் ஒரே செடியில் சேர்ந்திருப்பது அபூர்வம். பூவும் இதே சிக்கனத்தில் இயங்குகிறது. வெயில் ஏறும்போது விரிந்து, பிற்பகலில் மூடி, அந்த ஒரே நாளில் முடிந்துவிடும். மப்பும் மந்தாரமுமான நாளில் பல பூக்கள் விரிவதே இல்லை. விரிந்த பூவின் நடுவே உள்ள மகரந்தத் தாள்களை ஒரு துரும்பால் மெல்லத் தொட்டால், தொட்ட பக்கம் நோக்கி அவை சாய்வதைக் காணலாம். பூவுக்குள் இறங்கும் தேனீயின் உடலில் மகரந்தம் படுவதற்கான ஏற்பாடு இது. காய் முற்றியதும் மேல்பாதி மூடிபோலக் கழன்று, மணலினும் சிறிய பளபளப்பான விதைகள் கொட்டும்.

நித்தியகல்யாணிப் பூ இதற்கு நேர்மாறு. ஐந்து இதழ்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நிலையில் சில நாட்கள் விரிந்தே இருக்கும். அடியில் சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழல் உண்டு. அதன் வாயை மயிர்கள் அடைத்திருக்கும். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகளுக்கே தேன் எட்டும்.

வீட்டுத் தோட்டத்தில்

இரண்டுக்கும் பொதுவான எதிரி தேங்கும் நீர். வறட்சியில் சாகாத நித்தியகல்யாணி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொட்டித் துளை அடைபட்டால் வேரழுகி ஒரே வாரத்தில் விழும். பத்துமணிப்பூவின் தண்டு அடியிலிருந்து கூழாகிவிடும். ஆகவே இரண்டுக்கும் மணல் கலந்த மண், திறந்த துளை, குறைந்த உரம் வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இரண்டும் இலையாகவே வளரும்.

மற்றவற்றில் இரண்டும் பிரிகின்றன. நித்தியகல்யாணி முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து வளரும். பத்துமணிப்பூ சாண் உயரத்தைத் தாண்டாமல் படரும். பாதி நிழலிலும் நித்தியகல்யாணி பூக்கும். பத்துமணிப்பூவுக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது தேவை. ஆழமான தொட்டியோ தரையோ முன்னதற்கு ஏற்றது. அகன்ற ஆழமற்ற சட்டியும் தொங்குதொட்டியும் பின்னதற்குப் போதும். நித்தியகல்யாணி விதையை மண்ணால் மூடி இருட்டில் வைத்தால் நன்றாக முளைக்கும். பத்துமணிப்பூ விதையை மேலே தூவினால் போதும், மூடக் கூடாது. ஆடும் கோழியும் நடமாடும் வீட்டில் பத்துமணிப்பூ தப்புவது கடினம். நித்தியகல்யாணிக்கு அந்தக் கவலை இல்லை. ஓரிரு ஆண்டுகளில் இரண்டும் தண்டு முற்றிப் பூக் குறையும். அப்போது கிள்ளி நட்டோ புதிதாய் விதைத்தோ மாற்ற வேண்டும்.

நித்தியகல்யாணியின் இலையை நீரிழிவுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையை ஒடுக்கும் பொருள்கள் அதே இலையில் இருப்பதை ஒன்டாரியோ எலிகள் காட்டி எழுபது ஆண்டுகள் ஆகின்றன. புற்றுநோய் மருந்தாக இவை சேரும் அளவு மில்லிகிராமில் கணக்கிடப்பட்டு, மருத்துவர் கண்காணிப்பில் சிரை வழியே செலுத்தப்படுவது. வீட்டில் பறித்த கைப்பிடி இலையில் அந்த அளவை யாரும் அறிய முடியாது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் செடியை எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

தரையும் பாதி நிழலும் உள்ள வாசலுக்கு நித்தியகல்யாணி, நாள் முழுக்க வெயில் காயும் மொட்டைமாடிக்குப் பத்துமணிப்பூ என்பது பொருத்தமான தேர்வு. இரண்டும் உள்ள வீட்டில், தொட்டிகளை மழைக்கு முன் திண்ணை ஓரத்துக்கு நகர்த்தினால் அடுத்த கோடைக்கும் செடிகள் நிற்கும்.